ஆர்க்காட்டு நவாப் வாலாஜாஹ்: வாழ்வும் படிப்பினையும்

 

ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் புரட்டிப் பார்ப்பது வரவு செலவுக் கணக்கைத்தான். எவ்வளவு வந்தது, எவ்வளவு சென்றது, கடன் ஏதும் உண்டா, கையிருப்பு என்ன என்று பார்த்த பிறகே மற்றப் பக்கங்களுக்குக் கண் செல்லும். அது நல்ல வழக்கம். அந்தக் கணக்குப் பக்கத்தோடு சேர்த்துப் படிப்பதற்கு ஏற்ற ஒருவருடைய வரலாற்றை இங்கே எழுத நாடுகிறோம். அவர் சாதாரணக் குடிமகன் அல்லர். கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட பெருநாட்டை ஏறத்தாழ 46 ஆண்டுகள் ஆண்ட நவாப். சென்னையில் வாலாஜா சாலை, இராணிப்பேட்டை மாவட்டத்தில் வாலாஜாபேட்டை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத் என இன்றும் அவர் பெயர் ஊர்களிலும் தெருக்களிலும் வழங்குகிறது. அவரே நவாப் முஹம்மதலி வாலாஜாஹ்.

அவருடைய வரலாறு நம் ஊருக்குத் தொலைவானது என எண்ண வேண்டாம். அரிமளமும் சுற்றியுள்ள சிற்றூர்களும் அடங்கிய தொண்டைமான் நாடு அவருக்கு ஆபத்துக் காலத்தில் உணவு கொடுத்த நாடு. அதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

தந்தையின் ஷஹாதத்தும் மகனின் ஓட்டமும்

முஹம்மதலி 1717-ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய முன்னோர் வட இந்தியாவில் அவத் நாட்டின் கோபாமவ் என்னும் ஊரைச் சேர்ந்தவர்கள். தந்தை அன்வருத்தீன் கானை ஹைதராபாத்தின் நிஜாமுல் முல்க் ஆர்க்காட்டு நவாபாக நியமித்தார். நிஜாமின் கீழும், பெயரளவில் டில்லி பாதுஷாவின் கீழும் இருந்த பதவி அது.

அக்காலத்தில் சென்னையில் ஆங்கிலேயரும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் வணிகக் கோட்டைகளை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் வீழ்த்தத் தருணம் பார்த்திருந்தனர். 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, அன்வருத்தீன் அனுப்பிய பெரும்படையை அடையாற்றங்கரையில் அவர்களின் சிறுபடை முறியடித்தது. ஒழுங்காகப் பயிற்றப்பட்ட சில நூறு துப்பாக்கி வீரர்கள் பல்லாயிரம் குதிரை வீரரை விரட்ட முடியும் என்பதை நாடு அன்று அறிந்தது. அதன் பின்னர் ஆட்சிக்கு ஆசைப்பட்ட ஒவ்வொருவரும் ஏதேனும் ஓர் ஐரோப்பியக் கம்பெனியின் துப்பாக்கியைத் தேடி ஓடத் தொடங்கினர். பின்னாளில் விளைந்த தீங்குகளுக்கெல்லாம் இதுவே வித்து.

1748-இல் நிஜாம் மறைந்தார். வாரிசுப் போர் மூண்டது. முந்தைய நவாப் குடும்பத்தின் மருமகனான சந்தா சாஹிப், பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துணையோடு ஆர்க்காட்டுக்கு உரிமை கோரி வந்தார். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் நடந்த போரில் முதியவரான அன்வருத்தீன் கொல்லப்பட்டார். மூத்த மகன் மஹ்ஃபூஸ் கான் சிறைப்பட்டார். இளையவரான முஹம்மதலி தப்பித் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 32. அக்கோட்டையைத் தவிரச் சொந்தமென்று சொல்லிக்கொள்ள அவரிடம் அதிகம் எதுவும் மிஞ்சவில்லை.

திருச்சி முற்றுகையும் தொண்டைமான் நாட்டுத் தானியமும்

1751-இல் சந்தா சாஹிபும் பிரெஞ்சுப் படையும் திருச்சியைச் சூழ்ந்தனர். முஹம்மதலி ஆங்கிலக் கம்பெனியிடம் உதவி கேட்டார். எதிரியின் கவனத்தைத் திருப்புவதற்காக ராபர்ட் கிளைவ் என்னும் இளைஞன் சுமார் 500 வீரர்களோடு ஆர்க்காட்டைப் பிடித்து, 50 நாட்கள் முற்றுகையைத் தாங்கி நின்றான். ஆங்கில வரலாற்று நூல்கள் இந்த ஆர்க்காட்டு முற்றுகையைப் பெரிதாகப் பேசும். ஆனால் திருச்சிக் கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அன்றாடம் தேவைப்பட்டது வீர வரலாறு அன்று. அரிசியும் ஆடு மாடுகளுமே தேவைப்பட்டன.

அவற்றை அனுப்பியவர்களில் முதன்மையானவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டினர். அன்று ஆட்சியில் இருந்தவர் விஜய ரகுநாதராயத் தொண்டைமான். நம் பகுதி அப்போது அடர்ந்த காடுகளால் சூழப்பட்டிருந்தது. அக்காட்டு வழிகளை நன்கறிந்த நம் நாட்டு மக்கள், எதிரிகளின் காவலைத் தாண்டித் தானியத்தையும் கால்நடைகளையும் திருச்சிக்குக் கொண்டு சேர்த்தனர். இதற்காகத் தண்டிக்க எண்ணிய பிரெஞ்சுக்காரர் 1754-இல் தொண்டைமான் நாட்டின் மீது படையெடுத்தனர். ஆனால் மக்கள் முன்னரே கால்நடைகளையும் உடைமைகளையும் எடுத்துக்கொண்டு காடுகளுக்குள் சென்றுவிட்டதால், படையினருக்கு ஆளில்லாத வெற்று ஊர்களே கிடைத்தன.

நம் முன்னோர்கள் எந்தச் சமயத்தினராயினும், தம் வீடு எரியலாம் என்று தெரிந்தும் முற்றுகைக்குள் பசித்திருந்தவர்களுக்கு உணவு சுமந்து சென்றவர்கள். இதனை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

1752 ஜூன் மாதம் சந்தா சாஹிப் ஸ்ரீரங்கத்தில் சிக்கினார். தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சரணடைந்த அவர் அங்கேயே தலை துண்டிக்கப்பட்டார். முஹம்மதலியின் பாதை திறந்தது.

காப்பாற்றாத வாக்கு

இங்கு ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். முற்றுகையின்போது மைசூரின் உதவியைப் பெறுவதற்காக, வெற்றிக்குப் பின் திருச்சியையே மைசூருக்குத் தந்துவிடுவதாக அதன் தளபதி நஞ்சராஜுக்கு முஹம்மதலி வாக்களித்திருந்தார். வெற்றி கிடைத்ததும் அந்த வாக்கை நிறைவேற்றவில்லை. நண்பராக வந்த மைசூர் பகைவராக மாறிற்று. பின்னர் ஹைதரலியும் திப்பு சுல்தானும் மைசூரை ஆண்ட காலத்திலும் அப்பகை தணியவில்லை. இரண்டு முஸ்லிம் அரசுகள் ஒன்றையொன்று அழிக்க முனைந்தன. இடையில் நின்ற ஆங்கிலக் கம்பெனி இரண்டையும் விழுங்கியது.

1763-இல் பாரிஸ் உடன்படிக்கையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முஹம்மதலியே கர்நாடகத்தின் முறையான நவாப் என்று ஒப்புக்கொண்டனர். 1765-இல் டில்லி பாதுஷா ஷா ஆலம் அளித்த ஃபர்மான் அவரை நிஜாமின் மேலாண்மையிலிருந்து விடுவித்தது. உயர்ந்த அந்தஸ்துடையவர் என்னும் பொருள்படும் வாலாஜாஹ் என்ற பட்டமே அவர் பெயராக நிலைத்தது. வெளித்தோற்றத்தில் இதைவிட உயர்ந்த நிலை ஓர் அரசருக்கு இல்லை. ஆயினும் அவருடைய அரியணையைத் தாங்கி நின்ற படை அவருடையதன்று. அது கம்பெனியின் படை. அதற்குக் கூலி கொடுக்க வேண்டியவர் நவாப்.

அண்டை நாடுகள் பட்ட துன்பம்

கூலி கொடுக்கப் பணம் வேண்டும். பணத்திற்குப் பிறர் நாடு வேண்டும். தமக்காகவும் கம்பெனிக்காகவும் போரிட்டு மதுரையை ஆண்ட யூசுஃப் கான், நம் மக்கள் மருதநாயகம் என்று அழைக்கும் அந்த வீரர், தனித்து ஆள முற்பட்டபோது நவாபும் கம்பெனியும் சேர்ந்து மதுரையை முற்றுகையிட்டனர். துரோகத்தால் பிடிபட்ட அவர் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார்.

1772-இல் நவாபின் படையும் கம்பெனிப் படையும் இராமநாதபுரத்தையும் சிவகங்கையையும் தாக்கின. காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி வேலுநாச்சியார் திண்டுக்கல் பக்கத்து விருப்பாட்சியில் தஞ்சம் புகுந்தார். அவருக்கு உதவ முன்வந்தவர் ஹைதரலி. சிவகங்கைக்கு ஹுசைன் நகர் என்று பெயர் மாற்றப்பட்டது. 1780-இல் வேலுநாச்சியார் தம் நாட்டை மீட்டார். அந்தப் பெயரும் மறைந்தது. 1773-இல் தஞ்சை வீழ்ந்து, மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார். அடுத்த மூன்று ஆண்டுகள் காவிரிப் படுகையின் விளைச்சலை நவாபின் அதிகாரிகள் வசூல் செய்தனர்.

இவை நமக்கு எட்டாத ஊர்கள் அல்ல. காளையார்கோவிலும் தஞ்சையும் நமக்கு அண்டை ஊர்கள். நவாப் முஸ்லிம் என்பதற்காக இவற்றை மறைத்து எழுதுவது நேர்மை ஆகாது. அதுபோலவே, இவற்றைச் சமயப் போர்களாகத் திரித்துச் சொல்வதும் உண்மை ஆகாது. நவாபுக்குத் துணை நின்ற தொண்டைமானும் சமயத்தால் இந்து. இந்து அரசியான வேலுநாச்சியாருக்குத் துணை நின்றவர் ஹைதரலி. அன்றைய போர்கள் வரிக்காகவும் வரியைக் கொண்டு அடைக்க வேண்டிய கடனுக்காகவும் நடந்தவை.

கடன் வலை

நவாபின் கடன் எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சற்று நிதானமாகக் காண்போம். இந்த வரலாற்றின் சாரம் இதிலேயே இருக்கிறது.

கம்பெனி தன் படையின் செலவை நவாபின் கணக்கில் எழுதியது. நவாபால் தவணைக்குக் கட்ட முடியவில்லை. அப்போது அதே கம்பெனியின் ஊழியர்கள், தனிப்பட்ட முறையில் அவரிடம் வந்து, தாம் கடன் தருவதாகச் சொன்னார்கள். அவர்களுடைய ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுன்கள். அவர்கள் கொடுத்ததாக எழுதிக்கொண்ட கடனோ இலட்சக்கணக்கில் இருந்தது. தொடக்கத்தில் வட்டி நூற்றுக்கு 20-க்கும் மேல் சென்றது. கடனுக்கு ஈடாக நவாப் ஒவ்வொரு சீமையின் வரி வசூலையும் எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவனின் ஆள் நேரே களத்துமேட்டுக்குச் சென்று, அறுத்த நெல்லை உழவனிடமிருந்து அள்ளிச் சென்றான். வட்டி கட்ட மேலும் ஒரு கடன். அந்தக் கடனின் வட்டிக்கு இன்னொரு கடன் என்று இது தொடர்ந்தது.

1777-இல் வாங்கப்பட்ட குதிரைப்படைக் கடன் என்பது இதற்குத் தக்க சான்று. நவாபின் குதிரை வீரர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. அதனைத் தாமே கொடுத்துவிடுவதாகச் சில கம்பெனி ஊழியர்கள் பொறுப்பேற்று, அதற்காகச் சில சீமைகளின் வசூலை எழுதி வாங்கிக்கொண்டனர். அவர்கள் வீரர்களுக்கு உடனே பணம் கொடுக்கவில்லை. முதலில் சீமைகளில் வரி வசூலித்து, அந்தப் பணத்திலிருந்தே சிறிது சிறிதாகக் கொடுத்தனர். நவாபின் பணத்தையே எடுத்து, நவாபுக்கே கடனாகக் கொடுத்து, அதற்கு வட்டியும் வாங்கிய கதை இது.

இவர்களில் பெயர் பெற்றவர் பால் பென்ஃபீல்டு. தஞ்சையின் விளைச்சல் மீதும் அந்நாட்டு மக்கள் சிலர் மீதும் தமக்கு 2,34,000 பவுன் பாக்கி என்று 1776-இல் இவர் உரிமை கோரினார். அவ்வாண்டு தஞ்சையை மன்னருக்கே திருப்பிக் கொடுத்த சென்னை ஆளுநர் பிகட் பிரபுவை, கடன்காரர்களின் பக்கம் நின்ற அவருடைய சொந்த சபையினரே கைது செய்தனர். 1777-இல் அவர் காவலிலேயே இறந்தார். ஆங்கில ஆளுநரையே சிறையில் தள்ளும் வலிமை அந்த வட்டிக் கணக்குக்கு இருந்தது.

இலண்டன் பாராளுமன்றத்திலும் இக்கடன்காரர்களின் ஆட்கள் உறுப்பினர்களாக அமர்ந்திருந்தார்கள். கடன்களை விசாரிக்காமலேயே ஏற்று, நாட்டின் வரியிலிருந்து ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன் ஒதுக்க அரசு முடிவு செய்தது. அதனைக் கண்டித்து 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் என்னும் உறுப்பினர் நீண்ட உரை ஆற்றினார். கடன் பத்திரங்கள் பொய்யானவை, அவற்றைச் சுமப்பவர் கர்நாடகத்தின் ஏழை உழவர் என்பது அவர் வாதம். அவர் தோற்றார். ஆனால் நவாப் மறைந்து பத்தாண்டுகள் சென்ற பின், 1805-இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு பல்லாண்டுகள் ஆராய்ந்து பார்த்தபோது, கோடிக்கணக்கான பவுனுக்குக் கோரப்பட்ட கடன்களில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையானதாகத் தேறவில்லை.

வட்டி ஹராம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. எழுதுபவன் நேர்மையாக எழுத வேண்டும் என்பதும் அதில் அடங்கும். நவாபின் வாழ்வில் இரண்டும் தவறின. வட்டிக்கு வாங்கினார்; எழுதியவர்கள் பொய்யாக எழுதினார்கள்.

சேப்பாக்கம் மாளிகை

ஆர்க்காட்டைவிடக் கம்பெனியின் கோட்டைக்கு அருகில் இருப்பதே பாதுகாப்பு என்று எண்ணிய நவாப் சென்னைக்கே குடிபெயர்ந்தார். கடற்கரையை ஒட்டிய சேப்பாக்கத்தில் பெரும் நிலப்பரப்பில் 1768-ஆம் ஆண்டு அவருக்கு அரண்மனை எழுந்தது. அதைக் கட்டியவர் மேலே சொன்ன பால் பென்ஃபீல்டு என்றே பொதுவாகக் கூறப்படுகிறது. கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் என்னும் இரு பகுதிகளைக் கொண்ட அந்த மாளிகை, குவிமாடங்களும் வளைவுகளும் பெற்று, இந்திய, இஸ்லாமியக் கட்டடக் கலைகளை ஐரோப்பிய முறையோடு இணைத்த தொடக்க காலக் கட்டடங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

ஆனால் தன் நாட்டைவிட்டுக் கடன் கொடுத்தவனின் வாசலில் வந்து அமர்ந்த அரசர், நாளடைவில் அவனுடைய கைதியாகவே ஆனார். 1780-இல் ஹைதரலி கர்நாடகத்தின் மீது பாய்ந்து ஆர்க்காட்டைப் பிடித்தபோது நவாபிடம் எதிர்க்கும் வலிமை இல்லை. 1781-இல் நாட்டின் வரி வசூல் முழுவதையும் கம்பெனியிடம் ஒப்படைக்க நேர்ந்தது. பிறகு திரும்பக் கிடைத்தது. ஒவ்வொரு புதிய உடன்படிக்கையும் அதிகாரத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டே வந்தது.

ஆலிம்களின் புரவலர்

இத்தனைக்கும் இடையில் அவருடைய வாழ்வில் மற்றொரு பக்கமும் இருந்தது. அதனையும் எழுதாவிட்டால் அவருக்கு அநீதி செய்தவர்கள் ஆவோம். மார்க்க அறிஞர்களையும் கவிஞர்களையும் அவர் பெரிதும் ஆதரித்தார். மக்கா, மதீனா ஆகிய புனித நகரங்களுக்குக் கொடைகள் அனுப்பினார். திருச்சியில் அடங்கியிருக்கும் நத்தர் வலியுல்லாஹ் மீது கொண்ட மதிப்பால் அவ்வூரை நத்தர் நகர் என்றே அழைத்தார். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் திருக்குளத்திற்கு நிலம் அளித்தவர்கள் ஆர்க்காட்டு நவாபுகள் என்று சென்னை மக்களிடையே வழிவழியாகக் கூறப்பட்டு வருகிறது.

அவர் செய்த கல்விப் பணிகளுள் சிறந்தது, இலக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்தைச் சேர்ந்த மௌலானா அப்துல் அலீ அவர்களைச் சென்னைக்கு வரவழைத்தது. அறிவின் கடல் என்னும் பொருளில் பஹ்ருல் உலூம் என்று உலகம் போற்றிய பேரறிஞர் அவர். அவருடைய தந்தை முல்லா நிஜாமுத்தீன் வகுத்ததே தர்ஸே நிஜாமி என்னும் பாடத்திட்டம். தமிழகத்தின் அரபிக் கல்லூரிகளில் ஓதிப் பட்டம் பெற்ற நம் போன்ற ஆலிம்கள் ஏதோ ஒரு வகையில் அந்தப் பாடத்திட்டத்தின் நிழலில் வளர்ந்தவர்களே. மௌலானா சென்னைக்கு வந்தபோது அவருடைய பல்லக்கிற்கு நவாபே தோள் கொடுத்தார் என்று ஒரு வழக்கு உண்டு. நவாப் மறைந்த பின்னரும் சென்னையிலேயே தங்கிப் பாடம் நடத்திய அவர் 1810-இல் வஃபாத் ஆனார்.

பெரிய பள்ளிவாசல்

திருவல்லிக்கேணியில் உள்ள வாலாஜாஹ் பெரிய பள்ளிவாசலை நம்மில் பலர் கண்டிருப்போம். நவாபின் இறுதிக் காலத்தில், 1795-ஆம் ஆண்டு, அவருடைய குடும்பத்தாரால் எழுப்பப்பட்டது அது. சாம்பல் நிறக் கருங்கற்களால் ஆன அந்தப் பள்ளிவாசலில் மரமும் இரும்பும் பயன்படுத்தப்படவில்லை. விரிந்த முற்றமும், உயர்ந்த படிகளும், இரு மினாராக்களும் கொண்டது.

உள்ளே கல்லில் பாரசீக மொழியில் ஆண்டைக் குறிக்கும் கவிதை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. அப்ஜத் என்னும் அந்தக் கணக்கின்படி குறித்த சொற்களின் எழுத்துகளைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும். அதை இயற்றியவர் நவாப் அரசவையில் பணியாற்றிய ராஜா மக்கன் லால் கிராத் என்னும் இந்துப் பெருமகன். இறைவனை நினைவுகூரும் சொற்களிலேயே ஆண்டுக் கணக்கை அமைத்துக் கொடுத்தவர் அவர். அதனை அப்படியே கல்லில் பொறித்து வைத்தவர்களின் மனமும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

பஹ்ருல் உலூம் அவர்கள் அந்தப் பள்ளிவாசல் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். 1972-இல் மறைந்த கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்களும் அங்கேயே அடங்கியிருக்கிறார்கள். நாட்டுப் பிரிவினையின்போது சிந்து மாநிலத்திலிருந்து அகதிகளாக வந்து சென்னையில் குடியேறிய சிந்தி மக்களின் சூஃபிதார் அமைப்பினர், பல பத்தாண்டுகளாக ரமலான் மாதத்தில் அங்கே நோன்பாளிகளுக்கு இஃப்தார் உணவு பரிமாறி வருகிறார்கள். ஓர் இந்து எழுதிய கவிதையைச் சுவரில் தாங்கிய பள்ளிவாசலில், வேறு சமயத்தைச் சேர்ந்த சகோதரர்கள் இன்று நோன்புக் கஞ்சியும் தண்ணீரும் கொடுக்கிறார்கள்.

மறைவும் அதன் பின்னரும்

1795 அக்டோபர் 13 அன்று 78-ஆம் வயதில் நவாப் வாலாஜாஹ் மறைந்தார். அவருடைய உடல் திருச்சிக்குக் கொண்டு செல்லப்பட்டு, நத்தர் வலியுல்லாஹ் தர்கா வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அதே வளாகத்தில்தான் அவருடைய பரம எதிரியான சந்தா சாஹிபும் அடங்கியிருப்பதாகச் சொல்லப்படுகிறது. எந்த ஊருக்காக இருவரும் பல்லாயிரம் உயிர்களைப் பலியிட்டார்களோ, அந்த ஊரின் மண்ணில் ஆளுக்கு ஆறடி கிடைத்தது.

மகன் உம்தத்துல் உமரா ஆறு ஆண்டுகளே நவாபாக இருந்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, நவாப் குடும்பம் திப்பு சுல்தானோடு இரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்ததற்குச் சான்று கிடைத்ததாகக் கம்பெனி அறிவித்தது. 1801 ஜூலை 15 அன்று உம்தத்துல் உமரா இறந்தார். அம்மாத இறுதியிலேயே நாடு முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. நவாப் குடும்பத்துக்கு ஓய்வூதியமும் பட்டமும் மட்டும் மிஞ்சின. 1855-இல் குலாம் கௌஸ் கான் வாரிசின்றி இறந்ததும் நவாப் பட்டமும் ஒழிந்தது. சேப்பாக்கம் மாளிகை ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. பின்னாளில் அக்குடும்பத்திற்கு ஆர்க்காட்டு இளவரசர் என்னும் பட்டமும், வசிக்க இராயப்பேட்டையில் அமீர் மஹாலும் தரப்பட்டன. அரசு அலுவலகங்களாக இருந்த சேப்பாக்கம் மாளிகையின் கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீக்கு இரையாகி, பின்னர் பொதுப்பணித் துறையால் சீர் செய்யப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமானது.

தொண்டைமான் நாட்டின் கதையோ வேறாக அமைந்தது. நவாபின் நாடு போன இரண்டாம் ஆண்டு, 1803-இல், நமக்கு அண்மையிலுள்ள கீழாநிலைக் கோட்டையும் அதனைச் சேர்ந்த சீமையும் ஆங்கிலேயரால் தொண்டைமானுக்குக் கொடுக்கப்பட்டன. முற்றுகைக்குத் தானியம் அனுப்பிய அச்சிறு நாடு 1948 மார்ச் மாதம் இந்தியாவோடு இணையும்வரை தனி நாடாகவே நிலைத்தது. உதவி பெற்ற பெருநாடு அதற்கு 147 ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டிருந்தது.

நமக்குள்ள படிப்பினை

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! ஒரு மனிதர் ஒரே வாழ்நாளில் இரண்டு வகையான செல்வத்தைக் கையாண்டார். ஒன்று கடனாக வந்தது. மற்றொன்று அல்லாஹ்வுக்காகக் கொடுக்கப்பட்டது. கடனாக வந்த செல்வத்தில் வாங்கிய படையும் நாடும் அரியணையும் அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குள் போயின. மாளிகையும் பிறகு ஏலம் போயிற்று. கொடுக்கப்பட்டதில் எழுந்த பள்ளிவாசலில் ஐந்து வேளையும் பாங்கொலி இன்றும் ஒலிக்கிறது. அவர் வரவழைத்த அறிஞரின் கல்வி தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. வக்ஃபு என்பதன் பொருளை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் தமிழகத்தில் காண்பது அரிது.

இதில் மற்றொன்றையும் மறந்துவிடலாகாது. நல்ல கொடை, தவறான கணக்கை நேர் செய்துவிடாது. தஞ்சை உழவனின் களத்துமேட்டிலிருந்து அள்ளப்பட்ட நெல்லுக்கும், காளையார்கோவிலில் சிந்திய இரத்தத்துக்கும் உரிய கேள்வி தனியே இருக்கிறது. அடியார்களுக்குரிய ஹக்கு, அந்த அடியார்கள் மன்னித்தாலன்றித் தீராது என்பது நம் மார்க்கத்தின் போதனை. நவாபின் நன்மைகளுக்காக அவருக்குத் துஆச் செய்வோம். அவருடைய தவறுகளிலிருந்து நம் வாழ்வைக் காத்துக்கொள்வோம்.

இன்று நம் ஊர்களிலும் திருமணத்துக்கென்றும், வீடு கட்டவென்றும், வெளிநாடு செல்லவென்றும் வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டு, வட்டியைக் கட்ட மறுபடியும் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நவாபுக்கு நேர்ந்ததும் இதுவே, தொகைதான் வேறு. அத்தகைய குடும்பங்களுக்கு ஜமாஅத் கைகொடுத்து, வட்டியில்லாக் கடன் என்னும் கர்ளன் ஹஸனாவை வளர்ப்பது, திருச்சி முற்றுகையில் இருந்தவர்களுக்கு நம் நாட்டார் காட்டு வழியே தானியம் சுமந்து சென்றதற்கு ஒப்பாகும்.

எனவே இந்த இதழின் கணக்குப் பக்கத்தை மீண்டும் ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். ஐயம் இருந்தால் பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். கேட்பது குறை கூறுவது ஆகாது, அமானிதத்தைப் பேணுவதாகும். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காத்து, நிலைத்த தர்மங்கள் செய்யும் நற்பேற்றை வழங்குவானாக! ஆமீன்.